கட்டை கிடக்கும் இடத்திலேயே பலகை: வாசகர் கேள்வி – பதில்

விழுந்த மரத்தை வண்டியேற்றாமல், செயின்சாவைச் சட்டத்தில் மாட்டி அங்கேயே பலகையாக அறுப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் தோப்பில் காற்றுக்குச் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் கிடக்கிறது. அடிமரம் மூன்றடி குறுக்களவு, எட்டடி நீளம். உள்ளே லாரி வர வழியில்லை. விறகுக்குத்தான் கேட்கிறார்கள். செயின்சாவை வைத்தே பலகை அறுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆனைமலை

உண்மைதான். விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தூங்குமூஞ்சி காயும்போது மற்ற மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். அகலப் பலகைக்கு அதைவிடத் தோதான மரம் நம் ஊரில் குறைவு. நீங்கள் சொல்லும் கட்டை ஏறக்குறைய 56 கன அடி. பச்சையாக இருக்கும்போது எடை ஒன்றரை டன்னை ஒட்டி வரும். கிரேன் இல்லாமல் அதை அசைப்பது வீண் முயற்சி. பலகையாக்கிவிட்டால் நாலு பேர் தூக்கி வெளியே கொண்டுவந்துவிடலாம்.

செயின்சா மில் என்பது மோட்டாரோ சக்கரமோ உள்ள தனி மிஷின் அல்ல. செயின்சாவின் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கும் ஒரு சட்டம், அவ்வளவுதான். மேலே இரண்டு குழாய்கள் சமதளத்தின் மீது சறுக்கிக்கொண்டு போகும். கீழே பார் படுக்கை வாட்டில் கட்டைக்குள் அறுத்துக்கொண்டு வரும். குழாய்க்கும் பாருக்கும் நடுவே எத்தனை அங்குலம் வைக்கிறோமோ அதுதான் பலகையின் கனம். அலாஸ்கன் மில் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் கிரான்பெர்க் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. இப்போது அதைப் பார்த்துச் செய்த சட்டங்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். செயின் கடந்து போகும் வாய் 9.5 மி.மீ. அளவு அகலமானது. சா மில்லில் ஓடும் பேண்ட் ரம்பத்தின் வாய் 2, 3 மி.மீ.தான். ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் நூற்றுக்கு 27 பங்கு மரம் தூளாகப் போகும். இரண்டு அங்குலமாக அறுத்தால் 16 பங்கு, மூன்று அங்குலமானால் 11. ஆகவே ரீப்பருக்கும் ஒரு அங்குலப் பலகைக்கும் இது ஏற்ற வேலையே அல்ல. ஒன்றரை அடிக்கு உட்பட்ட நேரான கட்டை, வண்டி வரும் வழி, பக்கத்தில் நல்ல சா மில் – இவை மூன்றும் இருந்தால் தயங்காமல் அங்கே கொண்டுபோங்கள். நகர்த்த முடியாத பெரிய கட்டை, மேசைக்கும் திண்ணைக்கும் ஆகிற கனமான அகலப் பலகை, சா மில் ட்ராலியில் ஏறாத கவட்டை – இவற்றுக்குத்தான் செயின்சா மில்.

ஆன்லைனில் வாங்கிய 58 சி.சி. மிஷின், 22 அங்குல பார் இருக்கிறது. இதில் மில் மாட்டலாமா?
– வாசகர், மணப்பாறை

மாட்டலாம். ஆனால் 22 அங்குல பாரில் 22 அங்குலப் பலகை கிடைக்காது. இரண்டு பக்கக் கவ்வியும், மரத்தில் ஊன்றிக்கொள்ள மிஷினின் முகப்பில் உள்ள இரும்பு முன்பல்லும் ஐந்தாறு அங்குலத்தைத் தின்றுவிடும். முன்பல்லைக் கழற்றினால் சற்றுக் கூடும். அப்போதும் 16 அங்குலம் கிடைத்தால் அதிகம்.

அடுத்தது வலு. மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது மிஷின் அரை நிமிடம் முழு வேகத்தில் ஓடும், பிறகு ஓய்வு. பலகை அறுக்கும்போது ஒரே மூச்சில் எட்டுப் பத்து நிமிடம் முழு வேகம், முழுப் பாரம். 58 சி.சி. மிஷினில் 12 அங்குல அகலம் வரை வேம்பு, மா, பலா அறுக்கலாம். காய்ந்த கருவேலத்தையும் புளியையும் அதில் தொடாதீர்கள். 18, 20 அங்குலத்துக்கு 70 சி.சி. தேவை, இங்கே எளிதாகக் கிடைக்கும் ஸ்டில் எம்.எஸ். 382 இந்த வகை, 72 சி.சி. இரண்டு அடியிலிருந்து மூன்றடி வரை 90 சி.சி. வகை – ஸ்டில் எம்.எஸ். 661, ஹஸ்க்வர்னா 395 போன்றவை. மூன்றடியைத் தாண்டினால் 120 சி.சி. மிஷின்தான். ஆனைமலை வாசகரின் கட்டைக்கு 90 சி.சி. மிஷினும் 42 அங்குல பாரும் குறைந்தபட்சம். வருடத்துக்கு ஒரு கட்டைக்காக அவ்வளவு பணம் போடுவதைவிட, மிஷினோடு ஆளை வாடகைக்குக் கூப்பிடுவதே கட்டுப்படியாகும்.

மரம் வெட்டும் அதே செயினில் பலகை அறுத்தால் என்ன? தனி செயின் தேவையா?
– வாசகர், பேராவூரணி

அறுக்கலாம், பலகை வரும். ஆனால் முகம் வரிவரியாக இருக்கும். இழைப்புளி போடும் ஆசாரி நொந்துபோவார். காரணம் பல்லின் கோணம். சாதாரண செயினில் பல்லின் மேல்தகடு 30 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். குறுக்கே நார்களை வெட்டுவதற்கு அது சரி. பலகை அறுக்கும்போதோ, செயின் நார்களின் வெட்டுமுனையையே நேருக்கு நேர் சுரண்டிக்கொண்டு போகிறது. அங்கே 30 பாகைப் பல் பக்கவாட்டில் இழுபடும். பலகை அறுக்கவென்று விற்கும் ரிப்பிங் செயினில் கோணம் 10 பாகை. வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, வழவழப்பில் தெரியும். கடையில் கிடைக்காவிட்டால் இருக்கிற செயினையே ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக 10 பாகைக்குக் கொண்டுவரலாம். ஒரே நாளில் மாற்ற முனைந்தால் பாதிப் பல் அரத்தில் தேய்ந்துவிடும்.

செயினைவிட முக்கியம் தீட்டல். மங்கிய செயினோடு 120 சி.சி. மிஷினும் திணறும், கூரான செயினோடு 70 சி.சி. தாராளமாக ஓடும். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும், மங்கவில்லை என்று தோன்றினாலும், அரத்தை எடுங்கள். கடின மரமானால் ஒரு அறுப்புக்கு ஒரு முறை. வட்ட அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது: ஆன்லைன் 58 சி.சி. மிஷின்களில் வரும் .325 பிட்ச் (அங்குலத்தில் செயின் கண்ணிகளின் இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ.; 3/8 பிட்சுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ.; .404 பிட்சுக்கு 5.5 மி.மீ. ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே இழுப்பு. அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். கல்லிலோ ஆணியிலோ பட்டு ஒரு பல் உடைந்திருந்தால், மிகக் குட்டையான பல் எதுவோ அதன் அளவுக்கு மற்றவற்றையும் இறக்க வேண்டும். மனசு வராதுதான். ஆனாலும் இடப்பக்கப் பல் நீளமாகவும் வலப்பக்கப் பல் குட்டையாகவும் இருந்தால் பார் ஒரு பக்கமாகக் கீழே இறங்கும்; கனம் ஒரு ஓரத்தில் இரண்டு அங்குலமும் மறு ஓரத்தில் இரண்டரையுமாக வரும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருப்பது சரியான அளவு. பல்லைத் தீட்டத் தீட்ட நுனி தாழும். மேடு அப்படியே நிற்கும். அப்போது பல் கூராகவே இருந்தாலும் கடிக்காது, மாவு போன்ற தூள் மட்டும் வரும். நாலு தீட்டலுக்கு ஒரு முறை, இதற்கென்றே விற்கும் தகட்டு அளவியை வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் தேய்த்து இறக்குங்கள். அளவுக்கு மேல் இறக்கிவிட்டால் பல் வெடுக்கென்று கடிக்கும், மிஷின் அதிரும், நின்று நின்று போகும்.

முதல் அறுப்பு எங்களுக்கு நேராக வருவதே இல்லை. எப்படி ஆரம்பிக்க வேண்டும்?
– வாசகர், நத்தம்

முதல் அறுப்பில் உள்ள கோணல் கடைசிப் பலகை வரை தொடரும். ஏனென்றால் இரண்டாவது அறுப்பிலிருந்து, அறுத்த முகத்தின் மேலேயே மில் சறுக்கிப் போகிறது. ஆகவே நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

கட்டையின் பட்டையை முழுதும் உரித்து, மண்ணைக் கழுவிவிடுங்கள். பட்டையிடுக்கில் ஒட்டிய செம்மண், ஆணிக்கு அடுத்தபடியாகச் செயினுக்கு எதிரி. கட்டையை இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் ஏற்றி, இரு பக்கமும் ஆப்பு வைத்து உருளாமல் செய்யுங்கள். தொடங்கும் முனை மறுமுனையைவிட நாலைந்து அங்குலம் உயர்ந்திருந்தால் மிஷினின் எடையே அதை இழுத்துக்கொண்டு போகும், முதுகு தப்பிக்கும். வளைந்த கட்டையானால் வளைவு பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். வளைவு மேலே இருந்தால் முதல் இரண்டு மூன்று பலகைகள் முழு நீளத்துக்குக் கிடைக்காது.

இப்போது வழிகாட்டிச் சட்டம். நேரான அலுமினிய ஏணி இதற்குப் போதும். அல்லது 40 மி.மீ. சதுரக் குழாய் இரண்டை ஓரடி இடைவெளியில் குறுக்குத்துண்டு போட்டு இணைத்துக்கொள்ளலாம். கட்டை எட்டடி என்றால் ஏணி பத்தடி இருக்கட்டும். இரு முனையிலும் ஓரடி வெளியே நீட்டியிருந்தால்தான் நுழையும்போதும் வெளியேறும்போதும் மில் தலைகுனியாது. ஏணியின் கீழே குறுக்கு ரீப்பர்களை முடுக்கி, அவற்றைக் கட்டையில் திருகாணியால் பிடியுங்கள். ரசமட்டத்தை ஒரு முனையில் குறுக்காக வைத்துப் பாருங்கள், அப்படியே மறுமுனையிலும். இரண்டிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பலகை முறுக்கிக்கொண்டு வரும். பிறகு முனைக்கு முனை நூல் பிடித்து நடுவில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். மிஷினும் மில்லுமாகப் பதினைந்து கிலோ ஏணியின் மேல் ஏறப்போகிறது. நடுவில் இரண்டு இடத்திலாவது மரச்சில் கொடுத்துத் தாங்குங்கள். அடி பெருத்து நுனி சிறுத்த கட்டையில் ஏணியைப் பட்டைக்கு இணையாக வைக்காதீர்கள். கட்டையின் நடுப்புள்ளியிலிருந்து ஏணி வரை உள்ள உயரம் இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

திருகாணியின் ஆழத்தைக் கணக்குப் பண்ணாமல் விட்டுச் செயினை அழித்தவர்கள் உண்டு. ஏணியும் அடிரீப்பருமாக 3 அங்குல உயரம், மேலே கழிக்கப்போகும் முதுகு (பட்டைப்பக்க வளைந்த துண்டு) 4 அங்குலம் என்றால் மில்லை 7 அங்குலத்தில் வைப்பீர்கள். திருகாணி மரத்துக்குள் 2 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. முதுகு நுனிப்பக்கம் மெலிந்தால் அங்கே இன்னும் குட்டையான திருகாணி.

மிஷினை முழு வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே செயினை மரத்தில் தொடவிடுங்கள். தள்ளித் திணிக்க வேண்டாம். செயின் தானாகத் தின்னும் வேகத்தில் கூடவே நகருங்கள். இரண்டடிக்கு ஒரு ஆப்பு, பின்னால் அறுபட்ட வாயில் இரு ஓரத்திலும் செருகிக்கொண்டே வாருங்கள். இல்லையென்றால் மேல் பலகை அமர்ந்து பாரைக் கவ்விக்கொள்ளும். ஆப்பு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும், இரும்பு ஆகாது.

இரண்டாவது பலகையிலிருந்து ஏணி தேவையில்லை. தூளைத் துடைத்துவிட்டு, மில்லை வேண்டிய கனத்துக்கு மாற்றினால் போதும். இழைத்து முடிந்தபின் ஒன்றரை அங்குலம் வேண்டுமானால் இரண்டேகாலாக அறுங்கள். காயும்போது சுருக்கமும் வளைவும் அந்த முக்கால் அங்குலத்தில் அடங்கிவிடும்.

அறுத்த முகத்தில் படிக்கட்டு போல வரிகள் விழுகின்றன. சில பலகைகள் நடுவில் குழிந்தும் இருக்கின்றன.
– வாசகர், கம்பம்

வரிகள் விழக் காரணம் விட்டுவிட்டுத் தள்ளுவது. ஆப்பு வைக்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி விழும். நிறுத்த வேண்டியிருந்தால் மில்லை அசைக்காமல் பிடித்தபடி, இன்னொருவரை ஆப்பு செருகச் சொல்லுங்கள். ஒழுங்கான இடைவெளியில் நெருக்கமான வரிகள் என்றால் செயின் தளர்வு அல்லது மேட்டை அதிகம் இறக்கியது.

நடுக்குழிவு வேறு. நீளமான பார் கவ்விகளுக்கு நடுவே வளைகிறது. அதற்குக் காரணம் மங்கிய செயினைப் பலம் கொண்டு தள்ளுவது. எப்போதும் ஒரே பக்கமாக இறங்கினால் பாரின் இரு விளிம்பையும் பாருங்கள். ஒரு விளிம்பு தேய்ந்து தாழ்ந்திருக்கும். தட்டை அரத்தை 90 பாகையில் பிடித்து இரண்டையும் சமமாக்கி, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள்.

பலகை அறுத்ததும் மிஷின் பிஸ்டன் பிடித்துவிட்டது. ஆயில் சரியாகத்தான் கலந்தோம்.
– வாசகர், குளித்தலை

ஆயில் சரியாக இருந்தாலும் காற்று அதிகமாகி, பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். மிஷினோடு வரும் புத்தகத்தில் 1:50 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில், 1:25 என்றால் 40 மி.லி. அதைக் குறைக்காதீர்கள். கார்புரேட்டரில் ‘எச்’ என்று குறித்த திருகைப் பலகை அறுப்பதற்காகச் சற்றே திறந்துவைக்க வேண்டும். சோதிப்பது எளிது: மரத்தில் படாமல் முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் கரகரப்பாகவும், அறுக்கத் தொடங்கியதும் தெளிவாகவும் மாறினால் சரி. காற்றிலேயே கீச்சென்று தெளிவாக ஓடினால் பெட்ரோல் போதவில்லை, உடனே நிறுத்துங்கள்.

இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். போன மாதம் கலந்து கேனில் மிச்சம் வைத்ததை ஊற்றாதீர்கள். வேலைக்கு ஆகிற அளவு மட்டும் அன்றன்றைக்குக் கலப்பது நல்லது. வேலை முடிந்து மிஷினை எடுத்துவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

ஒவ்வொரு டேங்குக்கும் ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மாவுத்தூள் அதை அடைத்துவிடும். அறுப்பு முடிந்த கையோடு சுவிட்சை அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் சூடு தணியும். செயின் ஆயிலுக்குப் பதிலாக வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதில் உள்ள இரும்புத்துகள் ஆயில் பம்பையும் பாரையும் அரித்துவிடும், தோலுக்கும் கெடுதி. 28 அங்குலத்துக்கு மேற்பட்ட பாரில் மிஷினின் ஆயில் நுனிவரை போதாது. நுனிப்பக்கக் கவ்வியில் ஒரு சிறு டப்பாவும் குழாயும் வைத்துச் சொட்டுச்சொட்டாக விழச் செய்யுங்கள்.

வேலியோர வேப்பமரம், பூவரசு. உள்ளே ஆணி இருக்குமோ என்று பயம்.
– வாசகர், திருமங்கலம்

பயம் நியாயமானது. வேலியோர மரம் என்றால் முள்கம்பி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஆறடி உயரம் வரை ஆணி, கொக்கி, தூளி கட்டிய வளையம் எதுவும் இருக்கலாம். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அதற்கு நேரே உள்ளே இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. சுவரில் கம்பி தேடும் கையடக்க டிடெக்டர் ஒன்றிரண்டு அங்குல ஆழம்தான் காட்டும். ஒவ்வொரு பலகை எடுத்தபின்னும் புது முகத்தின் மேல் ஒரு முறை ஓட்டுங்கள்.

4 அடி சுற்றளவு, 8 அடி நீளத் தேக்குக் கட்டையை 8 கன அடி என்கிறார் மரவாடிக்காரர். எத்தனை பலகை வரும்?
– வாசகர், தென்காசி

சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மரவாடிக் கணக்கு. உண்மைக் கன அளவு 10 கன அடிக்கு மேல். அறுப்புச் சேதாரத்துக்காக அந்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் கட்டையின் குறுக்களவு 15 அங்குலம். மேலும் கீழும் முதுகு கழித்து, 2 அங்குலக் கனத்தில் நாலு பலகை வரும். ஓரம் வெட்டாத நிலையில் ஆறு கன அடிக்குச் சற்றுக் குறைவு. தேக்குக்கு இந்தச் சேதாரம் அதிகம். சா மில்லுக்குக் கொண்டுபோகச் சொல்வோம்.

தென்னங்கட்டையை இப்படிப் பலகையாக்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

2018 நவம்பரில் கஜா புயல் போனதிலிருந்தே உங்கள் பக்கத்திலிருந்து வரும் கேள்வி இது. ஆக்கலாம், ஆனால் மற்ற மரம் போல மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக அறுக்கக்கூடாது. தென்னையில் வைரம் வெளியே, சோறு உள்ளே. அடிமரத்தின் வெளிப்புறம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடை கொண்டு தேக்கையே விஞ்சும். நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே, காய்ந்தால் சப்பிப்போகும். ஆகவே ஒரு பக்கம் இரண்டு பலகை எடுத்ததும் கட்டையை உருட்டி அடுத்த பக்கம், இப்படி நாலு பக்கமும் எடுத்துவிட்டு நடுவை விட்டுவிடுங்கள். வயதான மரமாக, அடியிலிருந்து பாதி உயரம் வரை மட்டும் எடுத்தால் போதும். சிலிக்கா இருப்பதால் செயின் சீக்கிரம் மங்கும். ஒரு அறுப்புக்கு ஒரு தீட்டல் என்று மாற்றுச் செயின்களோடு போங்கள். மழை படும் இடத்துக்கு ஆகாது. மிச்சம் விழும் நடுக்கட்டையைத் தோப்பில் மக்கவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், பிறகு நிற்கிற தென்னையின் குருத்தில் ஏறும்.

வாகைப் பலகை அறுத்து வெயிலில் நிறுத்திவைத்தோம். ஒரே வாரத்தில் முனையெல்லாம் வெடித்துவிட்டது.
– வாசகர், உடுமலைப்பேட்டை

வெயிலில் வைத்ததுதான் காரணம். உங்கள் ஊரில் ஆடிக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மரத்தின் முனை வழியே ஈரம் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் மரம் இடம் கொடுக்காது, அதனால் பிளக்கிறது. மரத்தை வெட்டிய அன்றே, கட்டையாக இருக்கும்போதே, இரு முனையிலும் உருக்கிய மெழுகோ கெட்டியான எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டோ பூசுங்கள். வெடிப்பு விழுந்தபின் பூசிப் பயனில்லை.

கட்டையின் நடுப்புள்ளி ஓடும் பலகை எப்படியும் பிளக்கும். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறி நடுப்புள்ளியில்தான் வந்து முட்டும். அங்கே அறுப்பு வாய் போகும்படி கணக்கிட்டால் நடுப்புள்ளி தூளோடு போய்விடும், அல்லது அந்தப் பலகையை நீளவாக்கில் இரண்டாக்கிவிடுங்கள்.

அடுக்கும் முறை இது. நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஹாலோ பிளாக் கல் வைத்து, மேலே மட்டமாகச் சட்டங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலச் சதுர ரீப்பர் துண்டுகள், ஒன்றரை அடிக்கு ஒன்று, முனையில் ஒன்று. துண்டுகள் காய்ந்த மரமாக இருக்கட்டும், பச்சை ரீப்பர் பலகையில் கறை விடும். மேலடுக்குத் துண்டு கீழடுக்குத் துண்டுக்கு நேர் மேலேயே வர வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் பலகை அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். மேலே கல், சிமென்ட் மூட்டை என்று கனமாக ஏற்றுங்கள். காற்று அடிக்கும் பக்கம் சாக்கோ நிழல்வலையோ தொங்கவிடுங்கள்.

இரண்டு அங்குலப் பலகைக்கு ஒரு வருடமாவது வேண்டும். காய்ந்ததா என்று தட்டிப்பார்த்துச் சொல்ல முடியாது. அடுக்கிலிருந்து ஒரு சிறிய பலகையை மாதம் ஒரு முறை எடுத்து எடை போட்டு, அதன் மேலேயே எழுதிவையுங்கள். மழையில்லாத இரண்டு மாதம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் அந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்குச் சமமாகிவிட்டது என்று பொருள். ஏ.சி. அறைக்குப் போகும் மேசை என்றால் அதுவும் போதாது. சூளையில் வைத்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மாமரப் பலகை ஆறே மாதத்தில் உளுத்துப்போகிறது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்கிறார்களே?
– வாசகர், கிருஷ்ணகிரி

வண்டு தேடி வருவது மரத்தின் வெளிறிய பகுதியில் உள்ள மாவுச்சத்துக்காக. மாமரம் முழுக்கவே அப்படிப்பட்டது, ரப்பர் மரமும் அப்படித்தான். பிறையை நம்பி விட்டுவிடாமல் மருந்து போடுங்கள். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் அமிலம் கரையுங்கள். அறுத்த மறுநாளுக்குள், ஈரம் காயுமுன், நாலு பக்கமும் முனையும் நனைய இரண்டு முறை பூசுங்கள். தொட்டியில் முக்க முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு ரீப்பர் வைக்காமல் நெருக்கி அடுக்கி, பாலித்தீனால் மூடி நாலு வாரம் விடுங்கள். பலகையில் உள்ள ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே இறங்கும். காய்ந்த பலகையில் பூசினால் மேலோடு நின்றுவிடும். மேலே பூஞ்சணம் படிந்தால் கவலை வேண்டாம், இழைக்கும்போது போய்விடும். கையுறை போடுங்கள், கரைசல் மாடு கன்றுக்கு எட்டக்கூடாது. மழைநீர் பட்டால் இந்த மருந்து கரைந்து வெளியேறிவிடும், ஆகவே வீட்டுக்குள் புழங்கும் சாமான்களுக்கு மட்டும்.

சொந்தப் பட்டாவில் உள்ள மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், கூடலூர்

மரத்தையும் இடத்தையும் பொறுத்தது. உங்கள் ஊர் போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஈட்டி மரத்துக்கு 1994ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் இருந்தது, அதன் இப்போதைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தனம் சொல்லவே வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. வெட்டிய மரத்தையோ அறுத்த பலகையையோ வண்டியில் ஏற்றும்போது 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வரும். சாலையோரப் புளியும் புறம்போக்கு மரமும் விழுந்து கிடந்தாலும் அரசுக்கே சொந்தம். ரம்பத்தை எடுக்குமுன் பட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வாகை அறுக்கும்போது அடக்க முடியாத தும்மல் வருகிறது. துணி கட்டியும் நிற்கவில்லை.
– வாசகர், தாராபுரம்

வாகைத்தூளின் குணம் அது. துண்டு கட்டுவது உதவாது; என்95 முகமூடி, மூக்கோரம் காற்று புகாதபடி. காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம், இந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டால் காது திரும்ப வராது. காலுக்கு ஷூ, வேட்டி லுங்கி கூடாது. பல மணி நேரம் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே குனிந்து நிற்கும் வேலை இது. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்து புகையை எதிரே தள்ளும்படி கட்டையின் திசையை முதலிலேயே தீர்மானியுங்கள். மூடிய கொட்டகைக்குள் அறுக்கவே வேண்டாம். தலைவலியோ குமட்டலோ தொடங்கினால் மிஷினை அணைத்துவிட்டு வெளியே காற்றுக்கு வந்துவிடுங்கள், அன்றைக்கு மறுபடி அறுக்காதீர்கள்.